மருந்து செய்யக் கற்றேன்



நான் 1969-ஆம் ஆண்டில் மருந்தாக்கவியல் பயிலப் பல்கலைக்கழகம் சென்றேன். என் பெரியப்பா ஊர் முழுவதும் சென்று, தம் தம்பி மகன் டாக்டருக்குப் படிக்கிறான் என்று சொல்லி வைத்துவிட்டார். முதல் விடுமுறைக்கு நான் வீடு வந்தபொழுது திண்ணையில் நால்வர் எனக்காகக் காத்திருந்தனர். ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்குத் தீராத இருமல். மற்ற இருவரும் துணைக்கு வந்தவர்கள். நான் படிப்பது மருத்துவம் அன்று, மருந்து செய்யும் கலை என்று எடுத்துரைத்தேன். முழங்கால் வலிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியானால் கம்பவுண்டர் வேலைதானே? அதைத்தான் உன் அப்பாவே செய்கிறாரே! அதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு, தம்பி?" என்று கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் கேட்டதில் தவறு ஏதும் இல்லை. அக்கேள்விக்கு விடையும் அன்று என்னிடம் இல்லை. விடை கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. ஒரு பகுதி ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. ஒரு பகுதி என் சொந்தத் தவற்றினால் கிடைத்தது. இரண்டையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் தந்தையார் ஒரு தாலுகா மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்தார். காலை எட்டு மணிக்கு முன்பே சன்னலுக்கு வெளியே கூட்டம் கூடிவிடும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு புட்டி இருக்கும். மருந்துக்குப் புட்டி கொண்டு வருவது அக்காலத்து வழக்கம். பெரிய சாடிகளில் இருந்த கலவைகளைத் தந்தையார் குலுக்கி, அளந்து, புட்டியில் ஊற்றுவார். பின்பு வெள்ளைக் காகிதம் ஒன்றை நீளமாக நறுக்கி, அதன் ஓரங்களைச் சம இடைவெளி விட்டுக் கத்தரித்து, பசை தடவிப் புட்டியின் பக்கத்தில் ஒட்டுவார். ஒரு வெட்டுக்கும் மறு வெட்டுக்கும் இடையே உள்ளது ஒரு வேளை மருந்து. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது விளங்கும். அந்தக் காகிதத்தை வெட்டுவதில் அவருக்கு இருந்த கைத்திறத்தை நான் பிற்காலத்தில் பெரிய பேராசிரியர்களிடமும் கண்டதில்லை. இதைத் தந்தைப் பாசத்தால் சொல்லவில்லை. நானும் முயன்று தோற்றிருக்கிறேன்.

ஆனால் சாடியில் இருப்பது என்ன, அதைக் குலுக்காமல் ஊற்றினால் என்ன நேரும், எவ்வளவு நாள் அது கெடாமல் இருக்கும் என்பனவற்றை அவர் பழக்கத்தால் அறிந்திருந்தாரேயன்றிக் காரணத்தால் அறிந்தவர் அல்லர். அதை அவரே சொல்வார். "எப்படி என்று எனக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. நீ போய் ஏன் என்று படித்துக்கொண்டு வா" என்றுதான் என்னை அனுப்பினார்.

பல்கலைக்கழகத்தில் முதலில் என்னைக் கவர்ந்தது ஓர் ஓசை. எண்ணெயும் நீரும் சேராதவை என்பது குழந்தைக்கும் தெரியும். அவற்றைச் சேர்த்துப் பால்போன்ற ஒரு குழம்பாக்க வேண்டும். மீன் எண்ணெய் போன்ற ஒன்றை நான்கு பங்கும், நீரை இரண்டு பங்கும், கருவேல இனத்துப் பிசினை ஒரு பங்கும் எடுத்துக்கொள்வோம். உலர்ந்த கல்வத்தில் எண்ணெயையும் பிசின் தூளையும் கலந்து, நீர் முழுவதையும் ஒரே தடவையில் விட்டு, குழவியை ஒரே திசையில் விரைந்து சுழற்றவேண்டும். கை ஓயலாகாது. சிறிது நேரத்தில் கலவை வெளுத்துத் தடித்து, குழவிக்கு அடியில் 'சட சட' என்று ஒலிக்கும். அவ்வொலி கேட்டால் குழம்பு கூடிவிட்டது என்று பொருள். கேட்காவிட்டால் கல்வத்தைக் கழுவி, மீண்டும் தொடங்கவேண்டியதுதான். நான் மூன்று முறை கழுவினேன். நான்காம் முறை அவ்வொலி எழுந்தபோது பக்கத்து மேசைக்காரனைத் தழுவிக்கொண்டேன். எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறுவதையும், ஒவ்வொரு துளியையும் பிசின் ஒரு மெல்லிய உறைபோல் சூழ்ந்து, ஒன்றோடொன்று சேரவிடாது தடுப்பதையும் அடுத்த நாள் வகுப்பில் கற்றோம். தந்தையார் கேட்ட 'ஏன்' என்பதற்கு அதுவே முதல் விடை.

நோய்க்குரிய மருந்தெழுத்தைப் படித்து, அதற்கேற்ப மருந்து கலந்து கொடுக்கும் செய்முறை வகுப்பு ஒன்று உண்டு. ஒருநாள் ஆசிரியர் எங்கள் எல்லோருக்கும் ஒரே மருந்தெழுத்தைக் கொடுத்தார். இரண்டு வயதுக் குழந்தைக்கு உரியது. வேளைக்கு 2 மில்லிலிட்டர் பெல்லடோனா டிங்க்சர் என்று இருந்தது. நான் நுட்பமாக அளந்தேன், தெளிவாகக் கலந்தேன், புட்டியில் அழகாகச் சீட்டு ஒட்டினேன், தந்தையாரை நினைத்துக்கொண்டு காகிதத்தையும் வெட்டி ஒட்டினேன். வகுப்பிலேயே முதலாவதாக முடித்தவன் நான்தான். ஆசிரியர் புட்டியை ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "நன்றாகச் செய்திருக்கிறாய்" என்றார். பிறகு என் குறிப்பேட்டை வாங்கி, சிவப்பு மையில் இரண்டே சொற்கள் எழுதினார்: "குழந்தை இறந்தது."

இரண்டு மில்லிலிட்டர் என்பது வளர்ந்தவர்க்குரிய உச்ச அளவு. குழந்தைக்குரிய அளவைக் கணக்கிட அந்நாளில் ஓர் எளிய விதி கற்பிக்கப்பட்டது. குழந்தையின் வயதை, அவ்வயதோடு பன்னிரண்டைக் கூட்டி வந்த எண்ணால் வகுக்கவேண்டும். இரண்டு வயதென்றால் பதினான்கில் இரண்டு, அதாவது ஏழில் ஒரு பங்கு. நான் கொடுத்தது ஏழு மடங்கு. அவ்விதியை முந்தின வாரம்தான் மனப்பாடம் செய்து ஒப்பித்திருந்தேன். இக்காலத்தில் குழந்தையின் எடையை நிறுத்தே அளவு கணக்கிடுகிறார்கள், அது நல்லது. அன்று அறையில் இருந்த அத்தனை பேரிலும் ஒரே ஒரு மாணவிதான் மருந்தைத் தொடாமல், "ஐயா, இந்த அளவு சரியா?" என்று எழுந்து கேட்டாள். அவளுடைய புட்டி காலியாக இருந்தது. அவளுக்கு முழு மதிப்பெண்.

மருத்துவர் எழுதியதை மருந்தாளுநன் கேள்வி கேட்கலாமா என்று சிலர் ஐயுறலாம். கேட்கத்தான் வேண்டும். மனிதர் எழுதுவதில் பிழை வரும். புள்ளி ஒன்று இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகிவிடும். அப்பிழைக்கும் நோயாளியின் வாய்க்கும் இடையே நிற்கும் கடைசி மனிதன் மருந்தாளுநன்.

இனி, மருந்து என்றால் மருந்துச் சத்து மட்டுமே என்ற எண்ணத்தைப் பற்றி. ஒரு மாத்திரையில் உண்மையான மருந்து பல வேளைகளில் சிறு பகுதிதான். மற்றவை நிரப்பும் பொருள், ஒட்டும் பொருள், வயிற்றில் உடைந்து சிதறச் செய்யும் பொருள், அச்சில் ஒட்டாதிருக்க வழுவழுப்புத் தரும் பொருள் ஆகியவை. இவற்றை உயிரற்ற சுமை என்றே நானும் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை உடைத்தது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 1968-ஆம் ஆண்டை ஒட்டி நடந்த ஒரு நிகழ்ச்சி. வலிப்பு நோய்க்கு ஃபெனிட்டாய்ன் என்ற மருந்தை உட்கொண்டு வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தலை சுற்றித் தள்ளாடி மருத்துவமனைக்கு வந்தனர். மருந்தின் அளவு மாறவில்லை. நோயாளிகளும் கூடுதலாக விழுங்கவில்லை. ஆராய்ந்து பார்த்ததில், உறையில் நிரப்பும் பொருளாக இருந்த கால்சியம் சல்பேட்டுக்குப் பதிலாகப் பாற்சர்க்கரையைச் சேர்த்திருந்தது தெரிந்தது. அந்தச் சிறு மாற்றத்தால் அதே அளவு மருந்து இரத்தத்தில் முன்னைவிட மிகுதியாகச் சேர்ந்துவிட்டது. சர்க்கரையும் சுண்ணமும் மனிதனைத் தள்ளாட வைக்கும் என்று யார் நினைப்பார்? மாத்திரையை அழுத்துவது, உடைவது, கரைவது, குடலில் ஏறுவது என்ற ஒவ்வொரு படியும் ஆராயத்தக்கது என்பதை அன்று உணர்ந்தேன். ஆறு மாத்திரைகளைச் சிறு குழாய்களில் இட்டு, உடல் வெப்பமாகிய 37 பாகை நீரில் மேலும் கீழும் ஆட்டி, எத்தனை நிமிடத்தில் உடைகின்றன என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற பிற்பகல்கள் அதன்பின் எனக்குச் சலிக்கவில்லை.

பழைய ஆஸ்பிரின் புட்டியைத் திறந்தால் காடியின் மணம் வருவதை உங்களில் சிலர் அறிந்திருக்கலாம். காற்றின் ஈரம் பட்டு ஆஸ்பிரின் பிரிந்து அசெட்டிக் அமிலமாகவும் சாலிசிலிக் அமிலமாகவும் மாறுகிறது. காடியின் புளிப்பும் அந்த அசெட்டிக் அமிலமே. சமையலறையில் அடுப்பருகே மருந்தை வைக்கலாகாது என்று மருந்தாளுநன் சொல்வதற்கு இதுவே காரணம்.

தாவர மருந்துகளை நுண்ணோக்கியில் கண்டறியும் பாடமும் உண்டு. அதில் எனக்கு ஒரு சொந்தப் பெருமை. நாங்கள் தூள்செய்து பார்த்த சென்னா இலைக்கு உலகச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா', அதாவது திருநெல்வேலி நிலாவாரை என்று பெயர். தென்பாண்டிச் சீமையின் வறண்ட நிலத்தில் விளைவது அது. மலச்சிக்கலுக்கு இலண்டனில் ஒருவர் விழுங்கிய மருந்துக்கு நம் கரிசல்மண் இலை கொடுத்தது என்று எண்ணும்போது சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணியும் அவ்வாறே. 1950களின் இறுதியில் கனடா நாட்டில் அச்செடியிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். அதுவும் அதன் உறவான வின்கிரிஸ்டினும் புற்றுநோய்க்கு மருந்துகளாயின. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு வின்கிரிஸ்டின் இன்றும் கொடுக்கப்படுகிறது.

இக்கல்வி நம் நாட்டிற்கு வந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியச் சந்தையில் போலி மருந்துகள் மலிந்திருந்தன. தடுக்கத்தக்க சட்டம் இல்லை. 1930-இல் கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைந்தது. மறு ஆண்டு அறிக்கை தந்தது. மருந்துக்குச் சட்டம் வேண்டும், மருந்து செய்வோர்க்குக் கல்வி வேண்டும் என்பது அதன் சாரம். சட்டம் வர 1940 ஆயிற்று. ஆனால் கல்விக்கு ஒரு மனிதர் காத்திருக்கவில்லை. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய மகாதேவ லால் ஷ்ராஃப் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1932-ஆம் ஆண்டிலேயே மருந்து இரசாயனப் பாடத்தைத் தொடங்கினார். 1937-இல் அது மூன்றாண்டு பி.பார்ம். பட்டப் படிப்பாயிற்று. இந்திய மண்ணில் அதுவே முதலாவது. விடுதலைக்குப் பின் 1948-இல் மருந்தாளுநர் சட்டமும், 1955-இல் இந்திய பார்மகோபியா என்னும் மருந்துத் தரநூலும் வந்தன. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்நூலின் மேலட்டை கிழிந்து, பக்கமெல்லாம் அயோடின் கறையோடு இருந்தது. கறைபட்ட பக்கங்களே மிகவும் பயன்பட்டவை.

1937 என்றவுடன் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அதே ஆண்டில் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தைத் திரவமாக்க விரும்பிய ஒரு நிறுவனம் அதை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருளில் கரைத்தது. நிறமும் மணமும் சுவையும் சோதிக்கப்பட்டன, நச்சுத்தன்மை சோதிக்கப்படவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்; அவர்களில் பலர் குழந்தைகள். 1938-இல் அந்நாடு கடுமையான சட்டம் இயற்றியது. இப்பாடத்தை ஆசிரியர் பழங்கதைபோல் நடத்தினார். நாங்களும் பழங்கதைபோலவே கேட்டோம். நான் கடைசி ஆண்டில் இருந்தபோது, 1972-இல், சென்னையிலேயே பத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அதே நச்சுக் கலந்த மருந்தால் மாண்டனர். அன்று வகுப்புக்கு வந்த ஆசிரியர் இரண்டு கண்ணாடிக் குவளைகளை மேசைமேல் வைத்தார். ஒன்றில் கிளிசரின், மற்றொன்றில் அந்த நச்சு. இரண்டும் நிறமற்றவை, இரண்டும் கொழகொழப்பானவை, இரண்டும் இனிக்கும் என்றார். எது எது என்று சொல்லுங்கள் என்றார். ஒருவராலும் இயலவில்லை. "கண்ணுக்கும் நாவுக்கும் தெரியாததைக் கண்டறியத்தான் உங்களுக்குப் பட்டம்" என்று சொல்லிவிட்டு, வகுப்பை முடித்துக்கொண்டார்.

இது தீர்ந்துபோன கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2022-இல் காம்பியா நாட்டில் ஏறத்தாழ எழுபது குழந்தைகள் இறந்தபோது, இந்தியாவில் செய்யப்பட்ட திரவ மருந்துகளில் இந்நச்சு இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. 2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராப் பகுதியில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் உயிரைக் குடித்த இருமல் மருந்து நம் தமிழ்நாட்டில் செய்யப்பட்டது. அதில் நூற்றுக்கு 48.6 பங்கு டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததாக அரசு ஆய்வில் தெரிந்தது. அனுமதிக்கப்படும் வரம்போ நூற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு. இதைக் கண்டறியும் சோதனை இன்று எந்த மருந்தாக்கக் கல்லூரியிலும் மாணவன் கற்கக்கூடியதே. அச்செய்தியைப் படித்த இரவு நான் உறங்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பார்த்த அந்த இரண்டு குவளைகளே கண்முன் நின்றன.

இனி என் தவற்றைச் சொல்லவேண்டும். பட்டம் பெற்றுப் பதிவும் செய்துகொண்டு வேலையின்றி இருந்தேன். தந்தையார் ஓய்வுபெற்றுவிட்டார். தங்கைக்குத் திருமணம் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர் வீடு தேடி வந்தார். பதிவுபெற்ற மருந்தாளுநர் இருந்தால்தான் கடை நடத்தலாம் என்பது சட்டம். "நீங்கள் வரவேண்டாம், உங்கள் சான்றிதழ் மட்டும் சுவரில் மாட்டியிருந்தால் போதும். மாதம் நூற்றைம்பது ரூபாய் தருகிறேன்" என்றார். அந்நாளில் எங்களுக்கு அது சிறு தொகை அன்று. நான் தந்தையாரைப் பார்த்தேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "உன் பெயர் அங்கே தொங்கும். நீ எங்கே இருப்பாய்?" என்று மட்டும் கேட்டார். நான் பணத்தை வாங்கிக்கொண்டேன்.

நான்கு மாதங்கள் வாங்கினேன். ஐந்தாம் மாதம் வேறொரு காரியமாக அவ்வூருக்குச் சென்றவன் கடையையும் எட்டிப் பார்த்தேன். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் உள்ளே இருந்தான். ஓர் அம்மாள் இடுப்பில் குழந்தையோடு நின்று, "காய்ச்சல்" என்றாள். பையன் அலமாரியைப் பார்த்தான். ஒரு மாத்திரையை எடுத்தான். பாதியாக உடைத்துக் கொடுத்தான். வயது என்ன, எடை என்ன, வேறென்ன மருந்து கொடுத்தாய் என்று ஒரு கேள்வியும் இல்லை. அவன் தலைக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், என் பெயர் இருந்தது. அவ்வம்மாளைத் தடுத்து நிறுத்தி, மாத்திரையை வாங்கிப் பார்த்தேன். அது தீங்கற்றது, அளவும் ஏறத்தாழச் சரியே. பையன் தற்செயலாகச் சரியாகக் கொடுத்துவிட்டான். நான் நாற்காலி போட்டு ஏறிச் சட்டத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று நான் கண்டது ஒரு மாத்திரை. அந்த நான்கு மாதங்களில் என் பெயருக்குக் கீழே நின்று எத்தனை பேர் எதை வாங்கிச் சென்றனர் என்பது எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை. சிவப்பு மையால் எழுத அங்கே ஆசிரியர் யாரும் இல்லை.

பின்னர் எனக்கு ஆசிரியப் பணி கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தேன். இக்காலத்தில் இப்படிப்பு மிக விரிந்துவிட்டது. பி.பார்ம். நான்கு ஆண்டுகள். 2008-இல் தொடங்கிய பார்ம்.டி. ஆறு ஆண்டுகள்; அதில் கடைசி ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி. நோயாளியின் படுக்கையருகே நின்று, அவர் உண்ணும் மருந்துகள் ஒன்றோடொன்று பகைக்கின்றனவா என்று மாணவர்கள் ஆராய்கிறார்கள். என் காலத்தில் நோயாளியை நாங்கள் பார்த்ததேயில்லை, புட்டிகளைத்தான் பார்த்தோம். இம்மாற்றம் எனக்கு மகிழ்ச்சியே. மருத்துவம் கிடைக்காததால் இங்கு வந்தேன் என்று முகம் வாடி முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் அறிவுரை ஏதும் சொல்வதில்லை. கல்வத்தைக் கையில் கொடுத்துவிடுவேன். 'சட சட' என்ற ஒலி எழும் வரையில் விடமாட்டேன்.

அடுத்த வாரம், மருந்தெழுத்து ஒன்றைக் கொடுப்பேன். இரண்டு வயதுக் குழந்தைக்கு உரியது.